என் இடது இமை தாழ்ந்தபோது மாங்காட்டாள் தந்த பதில்

அம்மனை நம்பி வந்திருப்பவர்களே, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். கார்த்திகை மாதம் சென்னீர்குப்பத்தில் எங்கள் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தலைக்குள் ஏதோ வெடித்தது போல வலித்தது. மறுநாள் இடது இமை தொங்கிவிட்டது. கையால் தூக்கிப் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

வைத்தியர் நீர்க்கோவை என்று பற்றுப் போட்டார். கண் டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். மூடிய கண்ணுக்கு எதற்குக் கண்ணாடி? பக்கத்து வீட்டார் காற்றுச் சேட்டை, பேய் வேலை என்றார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் மாங்காட்டு அம்மன் கோயிலுக்கு நடந்தேன். வலி போகவில்லை. கடைசியில் வேண்டுவதை விட்டுச் சண்டை பிடித்தேன். "நெருப்புல ஒத்தக் கால்ல நின்னு தவம் பண்ணவ நீ. என் வலி உனக்குத் தெர்லியா?"

பங்குனியில் என் வீட்டுக்காரர் என்னைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு டாக்டர் என் இமையைத் தூக்கிப் பார்த்ததுமே முகம் மாறினார்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய் கிளை பிரியற இடத்துல சுவர் பலமில்லாம இருக்கும். ரத்தம் அங்கேயே மோதி மோதிக் கொப்புளம் மாதிரி உப்பிடுச்சு. அதுதான் கண் நரம்பை அழுத்துது. உடைஞ்சா உயிருக்கே ஆபத்து."

"வாய்க்கா ரெண்டா பிரியற எடத்துல கரை அரிக்குமே, அந்த மாதிரியா கீது, டாக்டரே?" என்றார் வீட்டுக்காரர்.

"அதேதான். கழுத்துல அந்தக் குழாயைக் கட்டி வேகத்தைக் குறைக்கணும்."

"கட்டிட்டா மூளைக்கு ரத்தம் எப்டி போவும்?"

"மத்தக் குழாய்களோட கிளைகள் மூளைக்கு அடியில இதோட சேருது. அந்த வழியா வரணும். எல்லாருக்கும் அது நல்லா அமையறதில்லை. வராட்டி பேச்சு போகும், வலது கை விழும்."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை மாதம் அழுததற்கு இதுதானா பதில்?

வேறு வழியில்லாமல் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன். மயக்க மருந்து கொடுக்கவில்லை. கழுத்தை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். குழாயை இறுக்கும்போது டாக்டர் சொன்னார்: "பேசிக்கிட்டே இரும்மா. பேச்சு நின்னா உடனே தளர்த்திடுவேன்."

என்ன பேசுவது? மனதில் இருந்தது ஒன்றுதான். "இன்னாடி ஆத்தா, கேக்குதா? எத்தினி வெள்ளிக்கெயம உன் வாசல்ல வந்து நின்னுகினு இருந்தேன்? ஒரு வார்த்த சொன்னியா? ஊட்ல என் புள்ளைங்கள யாரு பாப்பா?" வலது கையை ஆட்டி ஆட்டித் திட்டினேன். நர்சம்மா சிரித்துவிட்டார்.

"கட்டியாச்சு. மத்த வழியா மூளைக்கு ரத்தம் வருதும்மா" என்றார் டாக்டர்.

அப்போதுதான் உறைத்தது. என் பேச்சு நிற்கவில்லை. கை விழவில்லை. ஓவென்று அழுதுவிட்டேன்.

ஆடிக்குள் இமை பாதி ஏறியது. மீதி ஏறவேயில்லை. ஏன் இவ்வளவு தாமதம் என்று இன்றைக்கும் எரிச்சல் வரும். அதையும் அவளிடமே சொல்கிறேன். இந்த உயிர் அவள் தந்தது.

நொந்துபோய் நிற்பவர்களே, கும்பிட மனம் வராவிட்டால் கோபத்தோடாவது அவளிடம் வாருங்கள். எனக்குக் காது கொடுத்தவள் உங்களுக்கும் கொடுப்பாள்.