மஞ்சள் நூல் சுற்றிய கிளை

என் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு முழம் மஞ்சள் நூல் கிடக்கிறது. சாயம் போய் வெளுத்துவிட்டது. அதில் ஒட்டியிருக்கும் சின்ன இறகை மட்டும் நான் இன்னும் பிய்த்துப் போடவில்லை.

நூல் என் தாய்மாமனுடையது. வெள்ளைக்காரன் காலத்தில் நாமகிரிப்பேட்டைப் பக்கம், எங்கள் ஊர்க் கரட்டு மலையடியில் இருந்த ரிசர்வ் காட்டில்தான் அவருடைய பாதி உயிர் இருந்தது. எந்தப் புதரில் காடை முட்டையிட்டிருக்கிறது, எந்தப் பொந்தில் உடும்பு குடியிருக்கிறது என்றெல்லாம் ஊர்வம்பு பேசுவதுபோல் பேசுவார். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நட, மூன்று கவையாகப் பிரிந்த பாலைமரக் கிளை வேண்டும். என் கல்யாணம் நிச்சயமானதுமே மாமன் காட்டுக்குள் போய், அளவெடுத்தாற்போல் நேராக இருந்த ஒரு கிளையில் மஞ்சள் நூல் சுற்றிவிட்டு வந்தார். காட்டுக் காவலரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரே ஒரு கிளை வெட்ட அனுமதியும் வாங்கினார்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் அரிவாளோடு போனவர் வெறுங்கையோடு திரும்பினார். நூலின் மேலேயே தவிட்டுப்புறா கூடு கட்டியிருந்ததாம்.

"ரெண்டு குஞ்சு இருக்குதுங்கக்கா. கண்ணுகூடத் தொறக்கலீங்க. அந்தக் கெளைய நா வெட்ட மாட்டனுங்க."

அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "மாப்ள ஊட்டுக்காரங்க பொழுதோட வந்துருவாங்க. நீ புறாவுக்குப் பிரசவம் பாக்கறயாடா?"

பொழுது சாய்வதற்குள் கால் நட்டாக வேண்டும். கல்யாணமே நின்றுவிடுமோ என்று பயந்துபோனேன். பந்தலில் இருக்க வேண்டிய மணப்பெண் நான், வேறு கிளை தேடிப் போன மாமன் பின்னாலேயே யாருக்கும் தெரியாமல் காட்டுக்கு ஓடினேன். ஆவாரை கொள்ளையாகப் பூத்திருந்தது. வெள்வேல் முள் புதுச்சேலையைப் பிடித்து இழுத்தது. கீரி ஒன்று நின்று முறைத்துவிட்டுப் போனது. மாமனோ வந்த வேலையை மறந்து, "இங்க பாரு சாமி, சங்கம்பழம்" என்று ஒரு கை பறித்து என் மடியில் போட்டார். அழுதுகொண்டே தின்றேன், பிறகு சிரித்தும்விட்டேன். அதுவரை அந்தக் காட்டை நான் வெறும் விறகாகத்தான் பார்த்திருந்தேன்.

கடைசியில் கிளையைக் கண்டுபிடித்தது நான்தான். கவை மூன்றும் இருந்தன, ஆனால் நடுவில் ஒரே கோணல். வேறு வழியில்லாமல் வெட்டினோம். பந்தலில் நட்டபோது அது சாய்ந்துகொண்டு நின்றது.

"காலே கோணலா இருக்குது, குடித்தனம் எப்பிடிங்க நேராப் போகும்?" என்றார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர். மாமன் கைகூப்பி, புறாக்கதையை ஒளிக்காமல் சொன்னார். எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

"நா கட்டிக்கப்போறது புள்ளையத்தானுங்களே, கொம்பையா?" என்றார் அவர். பந்தலே சிரித்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

குஞ்சுகள் பறந்த பிறகு மாமன் நூலை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, ஜேடர்பாளையத்தில் நான் புகுந்த வீட்டுக்கே வந்தார். "இந்தா சாமி, புறா ஊட்டு மொய்" என்று என் கையில் வைத்தார். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவரைப்போல் என்னைச் சிரிக்க வைத்தவர் வேறு யாருமில்லை.

நேற்று ரசத்தில் உப்புக் கூடிவிட்டது. "காலு கோணல்னு அன்னைக்கே சொன்னாங்க, நாந்தான் கேக்கல" என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர். சண்டை வரும்போதெல்லாம் இதுதான் அவர் பாட்டு. நான் நூலைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, இறகு இன்னும் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார்.