மச்சாளின் விறகுக் கணக்கு

இரண்டு விறகுத் துண்டுகளைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து மச்சாள் தட்டிப் பார்ப்பார். ‘டங்’ என்று கேட்டால் காய்ந்தது, ‘தொம்’ என்று கேட்டால் ஈரம். அவர் என் கணவரின் அக்கா. லின்ஃபீல்டில் எங்களுக்கு அடுத்த தெருவில்தான் வீடு. தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஒக்லாந்தில் வந்து இறங்கியபோது, அந்த வீட்டு வேலியோரம் ஆள் உயரத்துக்கு விறகு அடுக்கியிருந்தது. அதுவும் தை மாதம், ஊருக்கு மாறாக இங்கே அப்போதுதான் மண்டை பிளக்கிற வெயில். “உந்த வெயிலுக்க விறகு என்னத்துக்கு மச்சாள்?” என்று கேட்டேன். “குளிர் வந்தாப்பிறகு விறகு தேடுறது, தாலி கட்டுற நேரத்தில மாப்பிளை தேடுற மாதிரி” என்றார். பக்கத்தில் நின்ற என் கணவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை.

எனக்கா கணக்குத் தெரியாது? யாழ்ப்பாணத்தில் எங்கள் அடுப்பில் ஒரு பானை சோறு வேக எவ்வளவு விறகு போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சோறு வெந்ததும் கொள்ளியை வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்து, அடுத்த நாளைக்கு வைப்போம். இங்கே வீட்டைச் சூடாக்குகிற அடுப்புக்கும் அப்படித்தான், பின்னேரம் கொஞ்சம் மூட்டினால் போதும் என்று நினைத்து, வைகாசிக் குளிர் தொடங்கிய பிறகு ஒரு ட்ரெயிலர் பைன் விறகு எடுத்தேன். அந்தப் பச்சை விறகு அடுப்புக்குள் கிடந்து நுரை தள்ளிச் சீறியது. அடுப்பின் கண்ணாடிக் கதவு கரியாகிப் போனது. வீடு சூடேறத் தொடங்கும் நேரம் பார்த்து, காணும், போதும் என்று நான் அணைத்துவிடுவேன். அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து மூட்ட வேண்டும். அப்படி மூட்டி மூட்டியே, ஆடி பிறக்க முன்னம் விறகு முடிந்துபோனது.

நான் பென்ரோஸில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் மச்சாள் வீட்டுக்குப் போய், ‘மாமி, மாமி’ என்று அவர் பின்னாலேயே திரிவாள். வேலை முடிந்து நான் போய்க் கூட்டிவருவேன். அங்கே கதவைத் திறந்தால் முகத்தில் சூடு அடிக்கும். என் பிள்ளை மச்சாளின் மடியில் தலையை வைத்து, உள்ளங்காலை நெருப்புக்குக் காட்டிக்கொண்டு கிடப்பாள். “எழும்பு, வீட்ட போவம்” என்றால், “நோ அம்மா, எங்கட ஹவுஸ் இஸ் கோல்ட்!” என்பாள். “பிள்ளை இண்டைக்கு இஞ்சயே படுக்கட்டுமன்” என்பார் மச்சாள். இன்றைக்கு, நாளைக்கு என்று பிள்ளையின் பிஜாமா, தலையணை, பல் விளக்குகிற பிரஷ் எல்லாம் அங்கே குடிபெயர்ந்தன. விறைத்த வீட்டில், பிள்ளையின் வெறும் கட்டிலைப் பார்த்தபடி மச்சாளைத் திட்டித் தீர்த்தேன்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் நேரே கேட்டேன். “நீங்கள் விறகுக்கு எப்பிடித்தான் கணக்குப் பாக்கிறனீங்கள்?”

“எனக்கும் என்ர மனுசனுக்குமெண்டா உதில அரைவாசி காணும். மிச்சம் பிள்ளைக்கு. அவ பள்ளிக்கூடத்தால வரேக்க வீடு சூடா இருக்க வேணும், அதுக்கு மத்தியானமே மூட்ட வேணும். நித்திரையாகுமட்டும் எரிய வேணும். நீங்கள் வாறீங்கள் எண்டு தம்பி சொன்ன அண்டைக்கே விறகுக்குச் சொல்லிப்போட்டன்.”

மச்சாளுக்குப் பிள்ளை இல்லை. அந்த இடத்தில் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும் என்பீர்கள். வரவில்லை. நான் பெற்ற பிள்ளையை வைத்து இவர் என்ன கணக்குப் பார்ப்பது என்றுதான் வந்தது.

அடுத்த தையில் மச்சாளுக்கு முந்தி நான் விறகு இறக்கினேன். அவருடையதைவிட ஒரு வரி உயர்த்தியும் அடுக்கினேன். குளிர் வந்ததும் எங்கள் வீடு பேக்கரி மாதிரிக் கொதித்தது. வெற்றி என்றே நினைத்தேன். மகள் நெருப்புக்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு திரும்பி, “கேன் மாமி கம் டூ?” என்றாள்.

மகளுக்கு இப்போது மனுரேவாவில் சொந்த வீடு. கணவரை இழந்த மச்சாள் அவளோடுதான் இருக்கிறார். என்னவரும் காலமான பிறகு, நான் லின்ஃபீல்டில் தனியே. போன தை மாதம் மகள் வீட்டுக்குப் போனபோது, வாசலில் விறகு கொட்டியிருந்தது. மகள் இரண்டு துண்டைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்துத் தட்டினாள். தலையைச் சரித்த விதம்கூட மச்சாளேதான். “அம்மா, வின்டருக்கு இஞ்ச வந்து நில்லுங்கோ. உங்களுக்கும் சேர்த்துத்தான் ஓடர் பண்ணினது” என்றாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு, என் பிள்ளையின் கணக்கில் நான்.

“மாமிதான் சொன்னா, அம்மாக்குக் கால் விறைக்கும், இன்னுமொரு லோட் எடு எண்டு.”

பார்த்தீர்களா, அதிலும் அவர்தான் முந்தி! யன்னலுக்குள்ளிருந்து மச்சாள் கையசைத்தார். நானும் அசைத்தேன், வேறென்ன செய்ய? மகள் அடுத்த இரண்டு துண்டை எடுத்துத் தட்டினாள். டங்.

“சரி, வாறன்” என்றேன். “ஆனா என்ர கதிரையை அடுப்புக்குக் கிட்டப் போடு. உன்ர மாமியின்ரயை விடக் கிட்ட.”