குளோன்ஸ் போகும் வழியில் ஒரு சிவப்புத் தபால்பெட்டி

தொண்ணூற்றேழு கோடையில் எனக்குக் கனேடியக் குடியுரிமை கிடைத்தது. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அயர்லாந்துக்கு இரண்டு டிக்கெட் போட்டேன். ஐந்து நாள் பயணம். மனைவி மலருக்கு நொக் மாதா கோயிலைப் பார்க்க ஆசை. எனக்கோ, ரொறன்ரோவில் எங்கள் டோர்செட் பார்க் பகுதிச் சனம் யாருமே போகாத ஊர்களைப் பார்த்துவிட்டு வந்து பெருமையடிக்க ஆசை.

ஒரு சிக்கல் இருந்தது. மலர் என் ஸ்பொன்சரில் கனடாவுக்குப் பிந்தி வந்தவள். அவளிடம் இலங்கைப் பாஸ்போர்ட்தான். அதில் ஐரிஷ் விசா, ஒரே ஒரு தடவை நுழைய மட்டும். வட அயர்லாந்து பிரிட்டனுடையது. அதற்குள் போனால் அங்கே நிற்கவும் அவளுக்கு விசா இல்லை, திரும்பி வரவும் விசா இல்லை.

நொக்கில் பூசை கண்டுவிட்டு, வாடகைக் காரில் கேவன் என்ற ஊருக்கு வந்து ஒரு வீட்டில் தங்கினோம். ஆளுக்குப் பதினாறு ஐரிஷ் பவுண்ட், காலைச் சாப்பாட்டோடு. வீட்டுக்கார அம்மா முற்பணம் கேட்கவில்லை. வாசல் திறப்பைக் கதவிலேயே விட்டுவிட்டுக் கடைக்குப் போனார். இப்படியும் ஆட்கள் இருப்பார்களா? எனக்குச் சரியாகப் படவில்லை. சூட்கேசைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் படுத்தேன்.

மறுநாள் குளோன்ஸுக்குப் புறப்பட்டோம். எல்லையோரச் சிற்றூர், பழைய வட்டக் கோபுரமும் கற்சிலுவையும் உண்டு. நேர்வழி இடையிடையே வடக்குக்குள் போய்வரும், கூட்ஹில் வழியாகச் சுற்றிப் போங்கள் என்றார் வீட்டுக்கார அம்மா. வரைபடத்தில் பார்த்தேன், சரியாகத்தான் சொல்லியிருந்தார். கேட்காமலே ஏன் சொன்னார் என்று அதற்கும் யோசித்தேன். சுற்றுவழி ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர்.

கூட்ஹில் தாண்டியதும் எதிரே வந்த கார்க்காரர் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்கினார். அடுத்தவரும் தூக்கினார். பால் வண்டிக்காரரும் தூக்கினார். யாழ்ப்பாணத்தில் வான் ஓட்டியவன் நான். எதிரே வருகிறவன் சைகை காட்டினால் முன்னால் இராணுவம் நிற்கிறது என்றுதான் எங்களுக்கு அர்த்தம்.

"ஆமி நிக்கிறான் போலை. எல்லாரும் சிக்னல் தாறாங்கள்," என்றேன்.

"நிண்டால் நிக்கட்டும். விசா இருக்குத்தானே, காட்டுவம். றோட்டை விட்டு இறங்காதேங்கோ," என்றாள் மலர்.

"ஆமிக்காரனுக்குக் கடதாசியைக் காட்டி விளங்கப்படுத்தேலுமே? நீர் பேசாமல் இரும்."

இடப்பக்கம் வந்த ஒடுங்கிய ஒழுங்கையில் திருப்பினேன். இருபுறமும் ஆளுயர வேலி, ஒரு சின்ன ஏரி, கூரை போன தேவாலயம், ஒரு கல்பாலம். உண்மையில் அழகான இடம். நான் ரசித்துக்கொண்டிருந்தபோது மலர் என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, நேற்றுப் பாத்த தபால்பெட்டி எல்லாம் பச்சை. உது சிவப்பு."

சிவப்புத் தபால்பெட்டி பிரிட்டனுடையது, எல்லையைத் தாண்டி வடக்குக்குள் வந்துவிட்டோம். காரைத் திருப்பவும் இடமில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு உழவு இயந்திரம் வந்து நின்றது. வயதான விவசாயி இறங்கி வந்தார். இவர் போய் யாருக்காவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தபடியே, எல்லோரும் விரல் காட்டியதால் பெருந்தெருவை விட்டு வந்தோம் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இங்கே தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் அப்படித்தான் வணக்கம் சொல்வார்களாம். தன் வயல் வாசல் படலைக்குள் காரைத் திருப்பவிட்டு, பின்னால் வரச் சொன்னார். நான் தயங்கினேன்.

"அந்தாளுக்குப் பின்னாலை போங்கோ," என்றாள் மலர்.

கல்பாலத்தைத் தாண்டியதும் அவர் வழியைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பெருந்தெருவுக்கு வந்த பிறகுதான் மலர் அழத் தொடங்கினாள்.

"ஆமி பிடிச்சிருந்தால் கனேடியன் எண்டு உங்களை விட்டிருப்பாங்கள். என்னைத்தான் இறக்கியிருப்பாங்கள். அதை நீங்கள் யோசிக்கவே இல்லை."

வெட்கமாக இருந்தது.

குளோன்ஸில் கோபுரம் இருக்கும் இடுகாடு பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் பெயர்கூடக் கேட்காமல் திறப்பைத் தந்தார். மலரே வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் நல்ல மாதம். மழைச்சட்டை கட்டாயம். ஊருக்குள் கார் நிறுத்தக் காசில்லை. எல்லைப் பக்கம் போவதென்றால் பிரிட்டிஷ் விசாவையும், பல தடவை நுழையக்கூடிய ஐரிஷ் விசாவையும் ரொறன்ரோவில் இருந்து புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள். ஒருவர் கையில் கனேடியப் பாஸ்போர்ட்டும் மற்றவர் கையில் இலங்கைப் பாஸ்போர்ட்டும் இருந்தால், எந்த வழியால் போவது என்பதை இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சொல்லட்டும்.