வினாயகமூர்த்தி அடுக்கிய ஏழு துண்டுகள்

மட்டக்களப்பில் தபால்காரர் வினாயகமூர்த்திக்குத் தெரியாத வீட்டுக் கடப்படி கிடையாது. கண்ணைக் கட்டி வாவியின் நடுவில் இறக்கிவிட்டாலும், எந்த இறால் எந்த விலாசத்தில் குடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். இறால் என் கைச்சரக்கு, ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் முக்கால்வாசி உண்மை.

ஆள் சித்தாண்டிக்காரர். வயல் வட்டையில் சேறு மிதிக்கப் பஞ்சிப்பட்டுத் தபால் கந்தோருக்கு ஓடி வந்தவர், முப்பத்தொரு வருடமாகச் சைக்கிள் மிதிக்கிறார். சுனாமி அடித்த வருடம், கல்லடியில் வீடே இல்லாமற் போன விலாசங்களுக்கு வந்த கடிதங்களை இரண்டு மாதம் பையில் சுமந்து, முகாம் முகாமாக ஆட்களைத் தேடிக் கொடுத்தார். இப்போது வலது முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். காலையில் சைக்கிளில் ஏறுமுன் அதைப் பார்த்து நிற்கும் நேரம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போகிறது.

அதனால்தான் புதையல் தேடும் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். ஒரு விளையாட்டுக் கழகம் நடத்தியது. மூன்று பேர் அணி, சைக்கிளில் போகவேண்டும், முதற்பரிசு ஒரு பற்றரிச் சைக்கிள். கந்தோரில் கூட வேலை செய்யும் நிலோஜனும் ஹிதாயாவும் சேர்ந்துகொண்டார்கள். வென்றால் சைக்கிள் மூர்த்திக்கே என்பது மூவரின் பேச்சு.

ஞாயிறு காலை காந்தி பூங்காவில் ஒவ்வோர் அணிக்கும் ஓர் அட்டையும் ஓர் உறையும் கொடுத்தார்கள். உள்ளே இலக்கமிட்ட ஏழு துண்டுகளில் ஏழு விடுகதைகள். ஒவ்வொன்றும் ஓர் இடம். அங்கே நிற்பவர் அட்டையில் நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போடுவார்.

"இரவில் கண் சிமிட்டுவேன், பகலில் குருடு" என்றதை வெளிச்சவீடு என்று நிலோஜன் உடனே பிடித்துவிட்டான். இப்படியே ஆறு போயின. கடைசியாகச் சிக்கியது மூன்றாம் இலக்கம்: "ஒற்றைக் காலில் நிற்பேன். ஊர்ச் சங்கதியெல்லாம் விழுங்குவேன். ஒருவருக்கும் சொல்லேன்."

"கொக்கு," என்றான் நிலோஜன்.

"கொக்கு எங்க மனே சங்கதி விழுங்கும்? அது மீனைத்தான் விழுங்கும்," என்றார் மூர்த்தி.

"அப்ப எங்கட பக்கத்து வீட்டு மாமி."

"அவவுக்கு ரெண்டு கால். விழுங்கவும் மாட்டா, பின்னேரத்துக்கிடையில ஊருக்கே சொல்லிருவா."

ஹிதாயா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அட்டை விழுந்தது. "அல்லாஹ்! மூர்த்தியண்ணன், ஒவ்வொரு நாளும் அதுக்குள்ள கைய விட்டு அள்ளுறது நீங்கதானே! தபால்பெட்டி! கல்லடிச் சந்தியில நிக்கிற தபால்பெட்டி!"

அதன்பிறகுதான் பிழை நடந்தது. மூர்த்தி ஏழு துண்டுகளையும் வாங்கி, பூங்காவின் சீமெந்துக் கட்டின்மேல் பரப்பி, பெருவிரலை நாவில் தொட்டு, காலைத் தபாலைப் பிரிப்பதுபோலப் பிரித்தார். எந்தத் தெரு, எந்த ஒழுங்கை முதலில் வரும், எது கடைசி என்று அடுக்கிக் கொடுத்தார். தபால்காரனுக்குக் கடிதம் வந்த வரிசை முக்கியமில்லை, வீடுகள் இருக்கும் வரிசைதான் முக்கியம். உறையின் பின்பக்கத்தில், "இலக்க வரிசைப்படியே செல்லவேண்டும்" என்று அச்சடித்திருந்ததை மூவரில் ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை.

கச்சான் காற்று எதிரே தள்ளியது. போதாததற்கு வழியெல்லாம் மறியல். "மூர்த்தி, என்ட பென்சன் கடிதம் வந்திட்டா?" "மூர்த்தி, மகன் கட்டாரில இருந்து ஒண்டும் போடல்லயா?" ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு மூச்சு வாங்கியது. அப்படியும் முதலில் வந்து சேர்ந்தது அவர்கள்தான். மற்ற அணிகளின் தலைகூடத் தெரியவில்லை. ரிப்பன் கட்டி நின்ற சைக்கிளின் இருக்கையை மூர்த்தி உள்ளங்கையால் ஒருமுறை அமர்த்திப் பார்த்தார்.

நடுவர் அட்டையை இரண்டு தரம் வாசித்தார். "மூணாவது இடத்துக்குப் பிறகுதான் முதலாவது இடத்துக்குப் போயிருக்கிறீங்க. இது செல்லாது."

"ஏழு இடத்துக்கும் போனம்தானே! எதக் களவெடுத்தம்?" என்று ஹிதாயா பாய்ந்தாள். நடுவர் உறையைத் திருப்பிக் காட்டினார்.

நாற்பது நிமிடம் பிந்தி வந்தவர்களுக்குப் பரிசு போனது. மூர்த்தி தன் சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

இவ்வளவையும் எழுதி, "தொழிற்பழக்கம் மனிதனை இப்படித்தான் கவிழ்க்கும்" என்று முடித்திருந்தேன். செவ்வாய்க்கிழமை கடிதம் கொண்டுவந்தவரை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, வாசித்துக் காட்டினேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பழக்கம் எண்டு எழுதாதீங்க டீச்சர். பின்பக்கத்த நான் வாசிச்சன்."

"வாசிச்சா பிறகேன் அப்படி அடுக்கின நீங்க?"

"நம்பர்ப்படி போனா கல்லடிப் பாலத்தால மூணு தரம் போய்க் கிறுகி வரணும். இந்தக் கால் ஒருக்காவுக்கே தாங்காது. முதல் வந்தாப் போதும், நேரத்த ஆர் பார்க்கப்போறாங்க எண்டு நினைச்சிட்டன்." முழங்காலைத் தடவிக்கொண்டார். "அதையே எழுதுங்க. அந்த ரெண்டு புள்ளயளுக்கும் நேர சொல்ல எனக்கு வாய் வருகுதில்ல."