மோட்டார் வந்த தோட்டத்தில் மிளகாய்க்கு இடம்

காலை ஏழு மணிக்குக் கோயமுத்தூரில் அன்னூர் பஸ் ஏறினேன். பத்தொன்பது மைல், டிக்கெட் எழுபது நயா பைசா. வழியெங்கும் பருத்திக் காடு, நடுநடுவே புது மின்கம்பங்கள். தஞ்சாவூர்க்காரனான எனக்குக் கிணற்று விவசாயம் பார்க்க ஆசை. நண்பரின் உறவினர் ரங்கசாமி தம் தோட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தார்.

எட்டரைக்கு அன்னூரில் சைக்கிளோடு நின்றார். "வாங்க, வாங்க! பின்னால குந்துங்க." இரண்டு மைல் குண்டும் குழியும். என் இடுப்பு என்ன பாவம் செய்ததோ!

தோட்டத்தில் மோட்டார் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. போன வருஷம்வரை எருதுகள்தாம் இறைத்தனவாம். கிணற்றடிச் சரிவில் அவை இறங்கினால் தோல்பறி தண்ணீரோடு மேலே வரும். திரும்பாமல் பின்னோக்கியே நடந்து ஏறினால் பறி உள்ளே இறங்கும். இப்போது சும்மா கிடந்த அந்தச் சரிவை ரங்கசாமி தம் மனைவி சரசம்மாவிடம் விட்டுவிட்டார். அந்த அம்மாள் அதில் மிளகாய் நட்டிருந்தார்.

"கண்ணாலமாயி இத்தன வருசத்துல எனக்குன்னு கெடச்ச மொத நெலமுங்கண்ணா," என்றார். முகமெல்லாம் பூரிப்பு.

கம்மஞ்சோறும் தயிரும் போட்டார். நான் சாப்பிடும்போது ரங்கசாமி எருதுகளைத் தண்ணீர் காட்ட அவிழ்த்தார். குடித்து முடித்த இரண்டும் நேரே சரிவுக்குப் போய், ஜோடியாக இறங்கி, அடியில் நின்றன. விரட்ட ஓடிய ரங்கசாமி, பழக்க தோஷம், நாக்கைச் சொடுக்கி "பின்னாலே, பின்னாலே!" என்றாரே பார்க்கலாம்! அவையும் சமர்த்தாகப் பின்னோக்கியே நடந்து ஏறின. மிளகாய்ச் செடி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. சரசம்மாவின் கண் கலங்கியதைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"ஏனுங்க, மாடும் நீங்களும் இந்த எடத்த மறக்கமாட்டீங்க. நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு மோட்டாருக்கு எதுத்தாப்புல இருக்கற பாத்தி வேணும்."

"அது பருத்திக்கு உழுதுபோட்ட எடமாச்சே, அம்மணி! இருக்கறதுலயே நல்ல மண்ணு!"

"தெரிஞ்சுதானுங்க கேக்கறேன். இந்தண்ணனையே நாயஞ் சொல்லச் சொல்லுங்க."

என் வாய் நிறைய அவர் போட்ட தயிர். "அவங்க கேக்குறது சரிதாங்க," என்றேன். ரங்கசாமி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "சோத்தப் போட்டே சாச்சியப் புடிச்சுபோட்டா! சரி, எடுத்துக்க."

மாலை நான்கு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, சரசம்மா அந்தப் பாத்தியில் மிச்ச நாற்றை நட்டுக்கொண்டிருந்தார். ரங்கசாமி மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றார்.

"தண்ணி எந்தப் பக்கம் திருப்பட்டும், அம்மணி?"

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வேலிக்கணக்கில் நிலம் வைத்திருக்கிறார்கள். எந்த வீட்டிலும் மனைவியிடம் இப்படி ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.