தண்ணீர் படக்கூடாது

என் பர்ஸில் மடித்து வைத்த துண்டுச் சீட்டு ஒன்று இருக்கிறது. இரண்டு முனையிலும் செலோ டேப் ஒட்டியிருந்த தடம் பழுப்பேறிவிட்டது. நீலப் பேனாவால் தடித்த எழுத்தில் ‘தண்ணீர் படக்கூடாது’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கும். எழுதியது நான் அல்ல. எழுதியவருக்கு அது மிகவும் தேவைப்பட்ட ஒரு நாளில் அது என் சட்டைப் பையில் இருந்தது.

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்சண்டைசர். முதலாளி எதையும் படிக்க மாட்டார். படிக்கத் தெரியாமல் அல்ல, படிப்பது சம்பளக்காரன் வேலை என்ற நினைப்பு. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பும் மெயிலை நான் நின்றுகொண்டு வாசிக்க வேண்டும், அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்பார். பாதியில் குறட்டை வரும். விழித்ததும், “அதாங்க நானும் நெனச்சேன்” என்பார். என்ன நினைத்தார் என்று எட்டு வருடத்தில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. அவரைப் பற்றி இன்று இவ்வளவு எழுதுகிறேனே, அன்று அந்த மனிதர் முன்னால் கைகட்டி நின்றவனும் நான்தான்.

அந்த வருடம் நார்வேயிலிருந்து ஒரு பையர் அம்மா வந்தார். குழந்தைகளுக்கான டி-சர்ட் ஆர்டர். நெஞ்சில் அச்சடிக்க வேண்டிய படத்துக்காகக் கையோடு ஒரு கல்லைக் கொண்டுவந்திருந்தார். உள்ளங்கை அளவு கறுப்புப் பாறைத் துண்டு, அதன்மேல் துருவும் தங்கமும் கலந்த நிறத்தில் சுருண்ட ஒரு சங்கின் அச்சு. வடதுருவத்துக்குப் பக்கத்தில் அவர்கள் நாட்டுக்குச் சொந்தமான தீவுகள் இருக்கின்றனவாம். அங்கே ஒரு மலை முழுக்க இந்தக் கறுப்புப் பாறைதான். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் கடலின் அடிச்சேறாகக் கிடந்தது, இறுகி, மேலெழுந்து மலையாகிவிட்டது. அந்தக் கடலில் பஸ் நீளத்துக்குப் பல்லிகள் நீந்தியிருக்கின்றன. அவற்றின் எலும்பும் இந்தச் சங்குகளும் ஏடு ஏடாக உரியும் பாறைக்குள் இன்னும் இருக்கின்றன. அவருடைய அப்பா அங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். மகளுக்காக அந்த மலையடிவாரத்தில் பொறுக்கிய கல் இது. போட்டோவில் அந்த நிறம் சரியாக வரவில்லை, கல்லைப் பார்த்தே வரையுங்கள், அடுத்த மாதம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: ஈரம் பட்டால் இந்தப் பாறை மீண்டும் சேறாகிவிடும்.

படம் வரைந்தவர் எங்கள் டிசைன் அக்கா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். கடற்கரைக்காரி என்பதாலோ என்னவோ, சங்கைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. பத்து நாள் அந்தக் கல்லை வெள்ளைத் துணிமேல் வைத்து, ஒவ்வொரு வரியையும் எண்ணி எண்ணி வரைந்தார். வேலை முடிந்ததும் பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சு பரப்பிக் கல்லை வைத்து, மூடியில் இந்தச் சீட்டை ஒட்டி முதலாளி மேசைமேல் கொண்டுபோய் வைத்தார். “தமிழ்ல எழுதியிருக்கேன் சார், எல்லாருக்கும் புரியணும்லா” என்றார் என்னிடம்.

எல்லோருக்கும் புரிந்தது, ஒருவரைத் தவிர. டப்பாவைத் திறந்து சுருள் சங்கைப் பார்த்த முதலாளிக்குக் கண் விரிந்தது. “ஏனுங்க, இது சாளக்கிராமமுங்க. சக்கரத்தப் பாருங்க. வடதுருவத்துச் சாளக்கிராமம் எவனுக்குங்க கெடைக்கும்?” என்றார். அன்று முதல் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டினார். சாளக்கிராமத்தில் தெரிகிற சக்கரமும் இதே ஜாதிப் பிராணி விட்டுச்சென்ற அச்சுதான் என்று பின்னால் படித்தேன். ஆகவே அவர் சொன்னது முழுப் பொய் அல்ல. தன் வாழ்நாளில் உண்மைக்கு அவ்வளவு பக்கத்தில் அவர் வந்தது அந்த ஒருமுறைதான். ஆனால் அது ஆற்றில் உருண்டு தேறிய கல், இது சேற்றுப் பாறை. அந்த வித்தியாசம் மூடியில் எழுதியிருந்தது. புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டுக் கல்லை மட்டும் பட்டுத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

திங்கள்கிழமை காலை என்னை உள்ளே கூப்பிட்டார். மேசைமேல் ஒரு டிபன் பாக்ஸ். திறந்தால் தயிர் புளித்த வாடையோடு கறுப்புக் குழம்பு, நடுவே பொருக்குப் பொருக்காக ஏதோ மின்னியது. பால், தயிர், தேன், மஞ்சள், இளநீர் என்று ஒன்று விடாமல் ஊற்றி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் வைத்திருந்திருக்கிறார். “சாமி கல்லு கரையுமுங்களா?” என்று என்னையே கேட்டார். கோடி வருடம் பனியிலும் பாறையிலும் தாக்குப்பிடித்த ஒரு உயிரின் அச்சு, எங்கள் முதலாளியின் பக்தியில் ஒருநாள்கூடத் தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து அவர் சொன்னதில் அது நின்றுவிட்டது. “அந்த டிசைன் புள்ள கழுவிப்போட்டு ஒடச்சிருச்சுன்னு எழுதிருங்க. சீட்டக் கிழிச்சுப் போட்ருங்க.”

“சரீங்க” என்றேன்.

நல்ல இங்கிலீஷில், மிகுந்த வருத்தத்தோடு மெயில் எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. அப்பா இறந்துவிட்டார், அவர் கையிலிருந்து வந்த பொருள் அது ஒன்றுதான், ஆனாலும் அந்தப் பெண்ணை இதற்காக வேலையை விட்டு அனுப்பிவிடாதீர்கள் என்று எழுதியிருந்தார். நான் நின்றுகொண்டு வாசித்துக் காட்டினேன். அன்று முதலாளி தூங்கவில்லை. “அனுப்பாட்டி, அந்தம்மா வர்றப்ப இந்தப் புள்ளையே உண்மையச் சொல்லிப்போடுமுங்க” என்றார்.

அக்கா கணக்கு முடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அழவில்லை. கேட்டது ஒன்றுதான்: “மூடில சீட்டு ஒட்டியிருந்தேனே சார். நீங்க பாத்தீங்கள்லா?” அவர் பார்வை என் முகத்தில் இருந்தது. சீட்டு என் சட்டைப் பையில், இதயத்துக்கு மேலே இருந்தது. “இல்லீங்க, நான் பாக்கலீங்க” என்றேன். எங்கள் ஊரில் கழுத்தை அறுத்தாலும் மரியாதையாகத்தான் அறுப்போம். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

அவர் வரைந்த சங்கோடு ஆர்டர் கப்பலேறியது. அதிலொரு டி-சர்ட் கண்ணாடிச் சட்டத்துக்குள் முதலாளி தலைக்கு மேல் தொங்குகிறது. அந்தச் சங்கைப் பெருமாள் கனவில் வந்து காட்டினார் என்று இப்போது மேடை மேடையாகப் பேசுகிறார், ஜனமும் கைதட்டுகிறது. நான் சில மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டேன். சீட்டைக் கிழிக்கவில்லை அல்லவா, அதனால் நான் அவரைப் போன்றவன் அல்ல என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். பர்ஸைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு நானே ஒரு நற்சான்றிதழைப் பார்த்துக்கொண்டேன், தூ.

போன வாரம் மாதிரிப் பிரிண்ட் பார்க்கத் திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பிரிண்டிங் யூனிட்டுக்குப் போனேன். டிசைன் பிரிவில், கம்ப்யூட்டர் முன்னால், காதோரம் நரைத்து அக்கா உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு நாற்காலி போட்டார், டீ சொன்னார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. பர்ஸிலிருந்து சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்து, “அன்னைக்கு இது எங்கிட்டத்தானுங்க இருந்துச்சு” என்றேன். மன்னிப்புக் கேட்கவும் வாயெடுத்தேன்.

அவர் கையை உயர்த்தித் தடுத்தார். சீட்டை விரித்து வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். டீ டம்ளர் ஈரம் படாதபடி மேசையைப் புடவைத் தலைப்பால் துடைத்து, பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் நீட்டினார்.

“எனக்கு வேண்டாம் சார். நீங்களே வச்சுக்கோங்க. இத்தன வருசமா ஒரு சொட்டுத் தண்ணி படாம நல்லாப் பாத்துக்கிட்டிருக்கீங்க.”

வாங்கி மறுபடி பர்ஸில் வைத்துக்கொண்டேன்.