முதன்முதலாக எழுந்து நின்றது

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எழுத்துகள் கோட்டில் நிற்காது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றும் தடுமாறுவேன். வார்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் பொறுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் நான் அட்டெண்டராக இருந்தபோது, ஒரு டாக்டரம்மா விண்வெளிக்குப் போகிறவர்களின் உடம்பைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். மாதக்கணக்கில் மேலே இருந்தால் ரத்தம் தலைப்பக்கம் ஏறுமாம், கால் சதை வற்றுமாம். திரும்பி வந்து தரையில் நின்றதும் மயக்கம் வருமாம். அதே நிலையை இங்கே உண்டாக்க, கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தி, தலை தாழ ஆளை வாரக்கணக்கில் படுக்க வைப்பார்கள். படுத்தபடியே சைக்கிள் டியூபைக் காலால் உதைத்து இழுக்க வேண்டும். அந்தப் பயிற்சி பலன் தந்ததா என்பதைக் கடைசியில் எழுப்பி நிறுத்தி, பி.பி. பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

“மொதத் தடவ நிக்கிறதுதான் அண்ணாச்சி எனக்கு வேணும். அது ஒரு தடவதான் கெடைக்கும். அதுவரைக்கும் தலையத் தூக்கிராதீங்க” என்றார். அவருடைய மேற்படிப்பே இதை நம்பி இருந்தது. சொன்னதைச் செய்கிறவன் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படுத்த பிறகு முகம் வீங்கியது, மூக்கு அடைத்தது. அதையெல்லாம் தாங்கினேன். கூட வேலை பார்த்த எசக்கி பெட்பேன் எடுக்க வரும்போதுதான் போர்வையால் முகத்தை மூடிக்கொள்வேன்.

“ஏலே சுடல, முகத்த மூடிட்டா ஆளு தெரியாதாக்கும்? ராக்கெட்டுல எனக்கும் ஒரு எடம் போட்டு வையிலே” என்பான்.

படுக்கை முடிய இரண்டு நாள் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வருமுன் சின்ன வயதிலிருந்து நான் வேலை பார்த்த அரிசி ஆலையின் முதலாளி, பக்கத்து வார்டில் இருந்த தன் தங்கையைப் பார்க்க வந்திருக்கிறார். நான் இருப்பதை யாரோ சொல்ல, நல்ல மனதோடு என்னையும் எட்டிப் பார்த்தார்.

“ஏலே சுடல, இங்கனயா கெடக்க?”

குரல் காதில் விழுந்ததுதான் தெரியும். நான் நின்றுகொண்டிருந்தேன். துண்டு இல்லாததால் போர்வையைச் சுருட்டிக் கமுக்கட்டில் இடுக்கியிருந்தேன். சுவர் இருண்டது. அப்படியே அவர் காலடியில் விழுந்தேன்.

“இதென்னலே, கால்லலாம் விழுந்துக்கிட்டு! நல்லா இரு, நல்லா இரு” என்று வாழ்த்திவிட்டு, கொண்டுவந்த சாத்துக்குடியைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். நான் மயங்கி விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

எசக்கி என்னைத் தூக்கிப் படுக்கவைத்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டு வந்தான்.

“மொதலாளி எந்திரிக்கச் சொன்னாரா?”

“இல்லம்மா.”

“தலையத் தூக்கக் கூடாதுன்னு தெரியும்லா?”

“தெரியும்மா.”

“பின்ன?”

டாக்டரம்மா திட்டவில்லை. குனிந்து, கால்மாட்டுச் செங்கற்களை ஒவ்வொன்றாக அவரே எடுத்தார். அந்தச் சத்தம் தாங்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சில நாள் கழித்து, “இன்னொரு தடவ படுப்பீங்களா அண்ணாச்சி? கதவப் பூட்டிச் சாவிய நானே வச்சுக்கிடுதேன்” என்று சிரித்தார்.

“வராந்தாவுல மொதலாளி சத்தம் கேட்டாலே எந்திரிச்சிருவேம்மா” என்றேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. என் கணக்கு அவருடைய ஆராய்ச்சியில் சேரவில்லை. வேறு ஆளைப் படுக்க வைத்து, படிப்பைத் தாமதமாகத்தான் முடித்தார். அவர் எதிரே வந்தால் நான் மாடிப்படிப் பக்கம் ஒதுங்கிவிடுவேன்.

பிள்ளைகளே, எலும்பு முறிந்து கிடப்பவரின் அறைக்குள் பெரிய ஆள் யாரையும் சட்டென்று விடாதீர்கள். முதலில் நீங்கள் உள்ளே போய், “படுத்தே இருங்க” என்று அவர் தோளில் கை வையுங்கள். அப்படியும் சிலர் எழுந்துவிடுவார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். ஏன் எழுந்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. தெரியாததுதான் வெட்கம்.

எழுதி முடித்தது: 1998, கார்த்திகை 6.